விளையாட்டுப் பக்கத்திலேயே பணி ஓய்வு பெற வழி செய்யுங்கள்: தமிழ் நாளேடுகளின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரில் இயங்கும் தமிழ் நாளேடுகளின் உரிமையாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பயிற்சி நிருபராக விளையாட்டுப் பிரிவில் சேரும் ஓர் இளைஞர், அதே பிரிவில் மூத்த நிருபராகி, துணையாசிரியராகி, விளையாட்டு ஆசிரியராகி, அந்தப் பொறுப்பிலிருந்தே பணி ஓய்வு பெறுவதற்கு நம் நாளேடுகளில் இன்று வழியில்லை என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மடலை எழுதுகிறேன். சம்பளம் உயர வேண்டுமானால் அவர் அரசியல் செய்திக்கோ பொதுச் செய்திக்கோ மாற வேண்டும். மாற மனமில்லையென்றால் ஆங்கில இணைய ஊடகத்துக்கோ, ஏதேனும் ஒரு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கோ போய்விட வேண்டும். பெரும்பாலோர் போய்விடுகிறார்கள். நானும் ஒரு தமிழ் நாளேட்டின் விளையாட்டு மேசையில் சில ஆண்டுகள் துணையாசிரியராக இருந்து, பிறகு வேறு தொழிலுக்குப் போனவன்தான். ஆகவே இந்த மடலால் எனக்குக் கிடைக்கக்கூடியது எதுவும் இல்லை. காலையில் நாளேட்டைப் பின்பக்கத்திலிருந்து திறக்கும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.

விளையாட்டுப் பிரிவு என்று நாம் சொல்வது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் உங்களில் பலர் அந்த மேசையை இரவு ஏழு மணிக்குப் பிறகு பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே இருப்பவர் ஒருவர். நல்ல காலமென்றால் இருவர். வந்து உட்கார்ந்தவுடன், தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவிலிருந்தும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களிலிருந்தும் குவிந்து கிடக்கும் ஆங்கில, மலாய்ச் செய்திகளில் எட்டையோ பத்தையோ பொறுக்கி மொழிபெயர்க்க வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளர் செய்தியாளர்களிடம் கோபப்பட்டது, ஸ்பெயினில் ஓர் ஆட்டக்காரருக்குத் தொடைத் தசை இழுத்துக்கொண்டது, இந்திய கிரிக்கெட் அணிக்கு யார் யார் தேர்வானார்கள் என்பது ஆகியவை முதலில் முடியும். பாதியில் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, கடைசி நேரத்தில் ஓர் இரங்கல் விளம்பரம் வந்திருக்கிறது, கால் பக்கம் வேண்டும் என்பார். அப்போது வெட்டுப்படுவது உள்ளூர்ச் செய்திதான், ஏனென்றால் மான்செஸ்டர் செய்தியோடு வந்த வண்ணப்படத்தை ஏற்கெனவே நான்கு பத்தி அகலத்துக்கு வைத்தாகிவிட்டது. புக்கிட் ஜாலில் அரங்கில் தேசிய அணி இரவு ஒன்பது மணிக்கு ஆடத் தொடங்கும் நாளில், முதல் பாதி முடிவதற்குள் பக்கத்தைக் கேட்டு அச்சுக்கூடத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். 'ஆட்டத்தின் முடிவு நாளை' என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டு, கைப்பேசியில் இரண்டாம் பாதியைப் பார்த்துக்கொண்டே அவர் மோட்டார் சைக்கிளை எடுப்பார். ஆட்டம் நடக்கும் அரங்கம் அலுவலகத்திலிருந்து எல்ஆர்டி ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்பதும், அங்கே நம் நாளேட்டின் பெயரில் ஓர் இருக்கை பெரும்பாலும் காலியாக இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

இந்த வேலையில் ஒருவர் பத்து ஆண்டுகள் இருந்தாலும் அவர் பத்து ஆண்டு அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் ஆவாரே தவிர, விளையாட்டுச் செய்தியாளர் ஆகமாட்டார். அவருக்குத் தேசியப் பயிற்சியாளரின் தொலைபேசி எண் தெரியாது. தேசிய விளையாட்டு மன்றத்தில் யாரைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்று தெரியாது. ஓர் ஆட்டக்காரர் மூன்று ஆட்டங்களாக ஏன் களமிறக்கப்படவில்லை என்பதை அணியின் உடற்பயிற்சி மருத்துவரிடமிருந்து காதோடு காதாக அறியும் உறவும் இருக்காது. அப்படியிருக்க, பதவி உயர்வுக் கூட்டத்தில் அவரைப் பற்றிச் சொல்லவும் ஒன்றும் இருக்காது. 'விளையாட்டில் இருந்தது போதும், இனிமேல் பொதுச் செய்திக்கு வாருங்கள்' என்று அன்போடு அழைக்கிறீர்கள். அந்த அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் எழுந்துபோன நாற்காலியில் மறுபடியும் ஒரு புதியவர் அகராதியோடு உட்காருகிறார்.

இதே நகரத்தின் ஆங்கில நாளேடுகளில் நிலைமை நெடுங்காலம் வேறாக இருந்தது. அங்கே விளையாட்டுப் பிரிவு தனி வீடு. காற்பந்துக்கு ஒருவர், ஹாக்கிக்கு ஒருவர், பூப்பந்துக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்தார்கள், படிப்படியாக ஏறும் பதவிகளும் அதற்குள்ளேயே இருந்தன. 1896-இல் தொடங்கிய மலாய் மெயில் உள்ளூர் விளையாட்டுச் செய்திக்கென்றே வாங்கப்பட்ட ஏடாகப் பல தலைமுறைகளுக்குத் தெரியும். அந்தப் பிரிவுகளில் பெயர் எடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தால், செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தோட்டப்புறங்களிலும் பிறந்து வளர்ந்த நம்மவர்கள் எத்தனை பேர் என்று வியப்பாக இருக்கும். அவர்கள் தமிழ் வீடுகளிலிருந்து வந்தவர்கள். திடல் ஓரத்தில் தமிழில் பேசியவர்கள். ஆனால் எழுதியது ஆங்கிலத்தில், காரணம் அங்கேதான் அந்த எழுத்துக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. மலாய் மெயிலின் அச்சுப் பதிப்பு 2018 டிசம்பரோடு நின்றுவிட்டது, மற்ற ஆங்கில ஏடுகளிலும் ஆட்குறைப்பு நடந்தது என்பதை அறிவேன். ஆகவே அந்த வீட்டை அப்படியே கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இதனால் என்ன இழப்பு என்று கேட்பீர்கள். நம்மவர்கள் இந்த நாட்டின் விளையாட்டு வரலாற்றில் ஓரத்தில் நின்றவர்கள் அல்லர். 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற டாக்டர் எம். ஜெகதீசன், 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றது. அதே 1966-இல் நாட்டின் முதல் தேசிய விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றவர் எம். ராஜமணி. கோல் கம்பங்களுக்கு இடையே 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் நின்ற காலத்தில்தான் மலேசியக் காற்பந்து அணி 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. புறக்கணிப்பு காரணமாக அணி போகாமற்போனது வேறு கதை. 1998-இல் இதே கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக நடந்து 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வாங்கினார். 2010 டிசம்பரில் ஜகார்த்தாவில் தென்கிழக்காசியக் காற்பந்துக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக உயர்த்தியபோது பயிற்சியாளர் இருக்கையில் இருந்தவர் கே. ராஜகோபால்.

இவர்களோடு தமிழில் உட்கார்ந்து பேசி, பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய ஒரு செய்தியாளரை நம் நாளேடுகள் வைத்திருந்தால், இன்று நம் கையில் ஒரு பெரும் தொகுப்பு இருந்திருக்கும். ஜகார்த்தாவின் அந்தப் பெரும் இரைச்சலுக்கு நடுவே தன் இளம் ஆட்டக்காரர்களிடம் ராஜகோபால் என்ன சொன்னார் என்பதைத் தமிழ் வாசகர் வேற்றுமொழி ஏடு வழியாக, இரண்டாம் கையாகத்தான் அறிந்தார். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இன் தொடக்கத்தில் மூடப்பட்டபோது பலரும் அரசியல், இலக்கியப் பக்கங்களை நினைத்து வருந்தினார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் விளையாட்டுப் பக்கங்களும் அதோடு முடிந்தன என்பதை யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இப்போதைய நிலையைப் பாருங்கள். 2022 ஜூனில் கார் விபத்தில் படுகாயமடைந்த எஸ். சிவசங்கரி, மீண்டும் திடலுக்கு வந்து, ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியின் சுவர்ப்பந்து ஒற்றையர் பிரிவில் தங்கமும், 2024-இல் லண்டனில் உலகத் தரவரிசையின் உச்சியில் இருந்தவர்களை வென்று பட்டமும் வாங்கினார். தீனா முரளிதரன், பேர்லி டானோடு சேர்ந்து 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தங்கமும், 2025 உலகப் பூப்பந்துப் போட்டியில் வெள்ளியும் பெற்றார். வெற்றி பெற்ற மறுநாள் நாம் படம் போடுகிறோம், முதல் பக்கத்திலேயே போடுகிறோம், மகிழ்ச்சி. வெற்றி இல்லாத பதினொரு மாதங்களில் இவர்களைப் பற்றி என்ன எழுதினோம்? விபத்துக்குப் பிறகு ஒரு வீராங்கனை மறுபடியும் மட்டையைப் பிடிக்கும்வரை நடக்கும் சிகிச்சையும் பயிற்சியும், அந்த மாதங்களில் தரவரிசைப் புள்ளிகளுக்கும் உதவித்தொகைக்கும் என்ன ஆகிறது என்பதும், குடும்பம் எப்படித் தாங்குகிறது என்பதும் செய்தி நிறுவனத்தின் மொழிபெயர்ப்பில் வராது. அம்மாவோடு தமிழில் பேசக்கூடிய ஒருவர் போய்க் கேட்டால்தான் வரும். அப்படிக் கேட்கும் உரிமை, வெற்றிக்கு முன்பே அந்த வீட்டு வாசலில் அறிமுகமாகியிருந்தவருக்குத்தான் கிடைக்கும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் விளையாட்டின் முன்வரிசையில் இன்று பெண்கள் நிற்கிறார்கள். நம் விளையாட்டு மேசைகளில் பெண்கள் அநேகமாக இல்லை. இரவு வேலை என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். இரவு பதினோரு மணிக்கு வீடு திரும்ப ஒரு வாடகைக் காருக்கான செலவை நிர்வாகம் ஏற்றுக்கொண்டால் தீர்ந்துபோகிற காரணம் அது.

விளையாட்டுச் செய்தி என்றால் கோல் எண்ணிக்கை என்ற எண்ணமும் மாற வேண்டும். 2025 செப்டம்பரில் ஃபிஃபா, வெளிநாட்டில் பிறந்து மலேசிய அணிக்கு ஆடிய ஏழு காற்பந்தாட்டக்காரர்களுக்குப் பன்னிரண்டு மாதத் தடையும், மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. மலேசியாவில் பிறந்ததாகக் காட்டப்பட்ட பாட்டன் பாட்டிமார் உண்மையில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் பிறந்தவர்கள் என்று மூலப் பதிவுகள் காட்டியதுதான் விவகாரம். இதை எழுதுவதற்குப் பிறப்புப் பதிவு எப்படி நடக்கிறது, குடியுரிமை எப்படி வழங்கப்படுகிறது, ஃபிஃபாவின் ஒழுங்கு விதிகள் என்ன சொல்கின்றன என்பவற்றைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் தேவை. குடியுரிமைப் பத்திரத்துக்காகத் தலைமுறைக் கணக்கில் அலைந்த குடும்பங்கள் நம் வாசகர்களிடையே இருக்கின்றன. அவர்களைவிட ஆழ்ந்து இந்தச் செய்தியைப் படித்திருக்கக்கூடியவர் இந்த நாட்டில் யார்? 1990-களின் நடுவில் லஞ்ச ஊழலில் நம் காற்பந்து சிக்கிச் சீரழிந்தபோதும் இதே தேவை இருந்தது. அன்று களத்தில் இருந்த செய்தியாளர்கள், எந்த ஆட்டத்தில் எந்தத் தற்காப்பாளர் கால் தயங்கியது என்பதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

மேலும், ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகம் புக்கிட் ஜாலிலில் இருக்கிறது. அதன் பொதுச் செயலாளராக 1978 முதல் 2007 வரை இருந்தவர் நம் நாட்டவரான பீட்டர் வேலப்பன். உலகப் பூப்பந்துச் சம்மேளனம் 2005 முதல் இந்த நகரத்தில்தான் இயங்குகிறது. உலகில் வேறெந்த ஊரிலும் இருக்கும் தமிழ்ச் செய்தியாளருக்கு இந்த வாய்ப்பு கிடையாது. இவ்விரு வாசல்களிலும் வாரம் ஒருமுறை தலைகாட்டும் ஒருவர் நம்மிடம் இருந்தால், சென்னை ஏடுகள் நம் செய்தியை எடுத்துப் போடும் நிலை வந்திருக்கும்.

ஐரோப்பியக் காற்பந்தை முற்றாக விட்டுவிடச் சொல்லவில்லை, எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு பத்து மணி, அவர்களின் குளிர்காலத்தில் பதினொன்று. வார நடுவில் நடக்கும் ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் நமக்கு விடியற்காலை மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ தொடங்குகின்றன. அச்சு ஏடு இவற்றை எந்த வகையிலும் எட்டிப்பிடிக்க முடியாது. வாசகர் விழித்தவுடன் கைப்பேசியில் கோல்களையே பார்த்துவிடுகிறார். அவர் கைப்பேசியில் வராதது, மாவட்டத் திடல்தடப் போட்டியில் தம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஓடிய ஓட்டம். சிலம்பப் போட்டியும் கபடிப் போட்டியும். ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஆடும் நம் குழுக்கள். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளையின் பெயரும் படமும் வந்த அன்று ஒரு வீட்டில் ஐந்து பிரதி வாங்குவார்கள் என்பது உங்கள் விநியோகப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் செய்திகளை இன்று நமக்குத் தருபவர்கள் பகுதி நேர நிருபர்கள். அவர்களில் ஒருவரைச் சொல்கிறேன்; பெயர் வேண்டாம். பள்ளி ஆசிரியர். திடலில் காலை முதல் வெயிலில் நின்று, அதிகாரிகளின் மேசையில் ஒட்டியிருக்கும் முடிவுத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து, வியர்வை பட்டு மை கலைந்த பெயர்களை ஒவ்வொரு பள்ளிப் பொறுப்பாசிரியரிடமும் கேட்டுச் சரிபார்த்து, மாலைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். தட்டச்சும் அவரே, படத்துக்கு விளக்கமும் அவரே. அவருக்குச் செய்திக்கு இவ்வளவு என்று கிடைத்தது பெட்ரோலுக்கும் சாலைக் கட்டணத்துக்கும் போய்விடும். அதுவும் சில மாதங்கள் கழித்துத்தான் வரும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று அரசாங்கம் உயர்த்தியபோது அவருக்கு எதுவும் மாறவில்லை, ஏனெனில் அவர் உங்கள் கணக்கில் ஊழியரே அல்லர். ஊழியர் சேமநிதி இல்லை, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பும் இல்லை. பல நேரங்களில் செய்தியின் மேல் அவர் பெயர்கூட இல்லை. 'நமது நிருபர்' என்று இருக்கும். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் எத்தனை பேர் எழுதி, சலித்து, நிறுத்திவிட்டார்கள் என்பதை உங்கள் கணக்குப் பிரிவின் பழைய கோப்புகளிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, விளம்பரம் குறைகிறது, காகித விலை குறையவில்லை. அதனால் சிறிய அளவிலேயே கேட்கிறேன். ஒவ்வொரு நாளேடும் மொழிபெயர்ப்புப் பொறுப்பில்லாத ஒரே ஒரு முழுநேர விளையாட்டு நிருபரை அமர்த்தட்டும்; வேலை நேரத்தில் அவர் திடலில் இருக்கட்டும். அவருக்கான பதவிப் படிகள் நியமனக் கடிதத்திலேயே எழுதப்படட்டும்: எத்தனை ஆண்டில் மூத்த நிருபர், எப்போது விளையாட்டு ஆசிரியர், அரசியல் பிரிவில் அதே ஆண்டுகள் பணியாற்றியவருக்கு நிகராக என்ன சம்பளம். பள்ளி விளையாட்டுச் செய்திகளுக்கு நாளேடுகள் சேர்ந்து ஒரு பொது நிதி வைத்து, மாநிலத்துக்கு ஒரு பகுதி நேர நிருபரைப் பகிர்ந்துகொள்ளலாம். முடிவுகள் எல்லா ஏட்டிலும் ஒன்றாகவே வருவதால் இதில் யாருக்கும் போட்டி இழப்பு இல்லை. நீங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்று ஊருக்கே தெரியும், இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். செய்தி எழுதியவரின் பெயரைப் போடுவதற்குப் பணமே தேவையில்லை. நாளைய பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

மலேசிய விளையாட்டு எழுத்தாளர் சங்கத்தில் உங்கள் நிருபர்களை உறுப்பினராக்கி, சந்தாவை நிர்வாகமே கட்டுவதும் நல்லது. மற்ற மொழிச் செய்தியாளர்களோடு பழகாமல் இந்தத் தொழிலில் யாரும் வளர்ந்ததில்லை.

இவற்றை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2027-இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியை மலேசியா ஏற்று நடத்துகிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சரவாக்கிலும் போட்டிகள் இருக்கும். ஊடக அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கும் நேரம் வரும்போது, வழக்கம்போல அந்த வாரம் கை காலியாக இருப்பவரின் பெயரை எழுதி அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பெயருக்கு உரியவரை இந்த ஆண்டே அமர்த்தி, திடல்தடத்துக்கும் பூப்பந்துக்கும் சுவர்ப்பந்துக்கும் பயிற்சி முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கினால், போட்டி தொடங்கும் நாளில் அவருக்கு வீரர்களைத் தெரிந்திருக்கும், வீரர்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும். இந்த ஆண்டு யாரை அமர்த்தப்போகிறீர்கள், எந்தப் பதவியில், எந்தச் சம்பளத்தில் என்பதை உங்கள் ஏட்டின் விளையாட்டுப் பக்கத்திலேயே அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து,
முன்னாள் விளையாட்டுத் துணையாசிரியர் ஒருவர்